வெட்டாத கத்தி

கத்தி என்று ஒன்று இருந்தால் அது வெட்ட வேண்டும். வெட்டாத கத்திக்கு நம் வீடுகளில் மரியாதை கிடையாது. சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு முறைகூட எதையும் வெட்டவில்லை என்பதற்காகவே விலை ஏறுகிற கத்திகளும் உலகத்தில் உண்டு. அவற்றைத் தேடி வாங்கி, எண்ணெய் பூசித் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற மனிதர்களும் உண்டு. “ஏன் ஐயா இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால் அவர்களில் பலர் சொல்கிற பதில் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: “முதலீடு.”

கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிப் பதில்களில் ஓர் அக்கறை உண்டு. மனிதன் ஒரு காரியத்தைச் செய்கிறான். அதற்கு ஒரு காரணம் சொல்கிறான். சொன்ன காரணத்துக்கும் உண்மைக் காரணத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பார்ப்பதுதான் எங்கள் தொழில். வழக்கமாக இந்த அளவை ஒரே திசையில்தான் நடக்கிறது. வெளியே தர்மம், உள்ளே புகழாசை. வெளியே பக்தி, உள்ளே பயம். வெளியே பொதுத் தொண்டு, உள்ளே பதவி மோகம். எந்தச் செயலின் தோலை உரித்தாலும் அடியில் சுயநலம் உட்கார்ந்திருக்கும் என்பது எழுத்தாளர்களுக்கு ஏறக்குறைய ஒரு வாய்பாடு. கத்தி சேகரிக்கிறவர்கள் விஷயத்தில் இந்த வாய்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கலாம்.

இந்தப் பழக்கம் செழித்து வளர்ந்திருக்கிற இடம் அமெரிக்கா. வேட்டைக் கத்தி, மடக்குக் கத்தி, பட்டாளத்துக் கத்தி என்று வகை வகையாகச் சேர்க்கிறார்கள். கண்காட்சிகள், விலை விவரப் புத்தகங்கள், பத்திரிகைகள், தரகர்கள் எல்லாம் இதற்கென்றே இருக்கின்றன. அந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் விசித்திரமானவை. கத்தியைத் தீட்டக் கூடாது. ஒரு தடவை கல்லில் உரசினால், செய்தவர் வைத்த கூர் போய்விட்டது என்று விலை இறங்கிவிடும். இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது. அலகில் ஒரு கீறல் விழுந்தாலும் நஷ்டம். கத்தியோடு வந்த தோல் உறைக்குள்ளேகூட நெடுநாள் வைக்கக் கூடாது. தோலைப் பதப்படுத்திய சரக்கு எஃகை அரிக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். ஆகையால் கத்தி ஒரு பக்கம், உறை ஒரு பக்கம். மனஸ்தாபம் கொண்ட தம்பதிகளைப் போல, ஒன்றுக்காக ஒன்று பிறந்த இரண்டும் தனித் தனியே காலம் கழிக்கின்றன.

இன்னொரு நுட்பமான அபாயமும் உண்டு. பழைய மடக்குக் கத்திகள் சிலவற்றுக்குச் செல்லுலாய்டில் பிடி போட்டிருப்பார்கள். அந்தப் பொருள் நாளடைவில் தானாகவே சிதைந்து அமில ஆவியை வெளியிடும். அந்த ஆவி தன் அலகை மட்டும் கெடுப்பதில்லை; அதே பெட்டியில் பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். எனவே அவ்வப்போது பெட்டியைத் திறந்து, எந்தப் பிடியில் வெடிப்பு, எந்த அலகில் புள்ளி என்று சோதித்து, நோய் கண்டதைப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் வந்த குழந்தையை மற்றக் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கிற தாய்க்கு இருக்கிற கவலை இது. முதலீட்டுப் பத்திரத்தை யாரும் இப்படிக் கவனித்துக் கேள்விப்பட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வெட்டாத கத்திகளின் வம்ச வரலாறே ஒரு கத்தி அழுக்கு வேலை செய்ததிலிருந்து தொடங்குகிறது. ஃப்ளாரிடாவில் ஆரஞ்சு வகைத் தோட்டம் வைத்திருந்த வால்ட்டர் டோன் ராண்டால் என்பவர், 1937-இல் மிச்சிகன் மாகாணத்து ஏரி ஒன்றின் கரையில், ஒருவர் படகின் பழைய வர்ணத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கூர் மழுங்கவில்லை. அதைச் செய்தவர் வில்லியம் ஸ்கேகல் என்ற கைத்தொழிலாளர் என்று தெரிந்தது. அந்த வியப்பிலே ராண்டால் தாமும் கத்தி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிப்பாய்கள் அவர் கத்தியைத் தேட, அவருடைய பெயர் பரவியது. 1953-இல் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் லவ்லெஸ் என்ற இளைஞர் நியூயார்க் கடை ஒன்றில் ராண்டால் கத்தி வேண்டும் என்று கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அத்தனை நாள் யார் காத்திருப்பது? பழைய பேக்கார்ட் மோட்டார் ஒன்றின் வில்லெஃகை எடுத்துக் கப்பலின் சமையல் அடுப்பில் காய்ச்சித் தாமே ஒரு கத்தியை அடித்துக்கொண்டார். அந்த லவ்லெஸ் 2010-இல் காலமானபோது, அவர் கைப்பட்ட கத்திகள் பல ஆயிரம் டாலருக்குக் கை மாறிக்கொண்டிருந்தன.

வர்ணம் சுரண்டிய கத்தியைக் கண்டு மயங்கியவர் ஒருவர். கிடைக்காத கத்திக்கு ஏங்கித் தாமே செய்துகொண்டவர் மற்றொருவர். இருவருக்கும் கத்தி என்பது வெட்டுகிற பொருள்தான். அவர்கள் செய்தவற்றில் சிறந்தவையோ இன்று ஒரு காகிதத்தைக்கூட வெட்டாமல் பெட்டிக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன.

சரி, முதலீடு என்கிறார்களே, அதன் கணக்கைத்தான் பார்ப்போம். ஒருவர் 1975-இல் 100 டாலர் கொடுத்து ஒரு கத்தி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 40 வருஷம் போற்றிப் பாதுகாத்து, 2015-இல் 500 டாலருக்கு விற்கிறார். “ஐந்து மடங்கு!” என்று நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் 40 வருஷத்தில் ஐந்து மடங்கு என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு என்ற கூட்டு வட்டிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அதே 40 வருஷத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசியே ஏறக்குறைய 4.4 மடங்கு ஆகிவிட்டது. 1975-இல் 100 டாலருக்குக் கிடைத்த பண்டங்களை 2015-இல் வாங்க 440 டாலர் வேண்டும். ஆக, உண்மையில் கையில் நின்றது 60 டாலர். இதிலே பூட்டும் பெட்டியும் எண்ணெயும் தரகும் போக வேண்டும். 40 வருஷம் துடைத்த உழைப்புக்குக் கூலியும் போட வேண்டும். லவ்லெஸ் கத்தியைப் போலப் பல மடங்கு ஏறியவை உண்டுதான். எது ஏறும் என்று முன்கூட்டித் தெரிந்தவர்கள் சொற்பம். தெரிந்ததாகப் பின்னால் சொல்லிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

வீடு வாடகை தரும். நிலம் நெல் தரும். பாங்கில் போட்ட பணம் வட்டி தரும். பூட்டிய பெட்டியில் கிடக்கிற கத்தி எதைத் தரும்? நம்மைவிட அதிகமாக ஆசைப்படுகிற ஒருவர் நாளைக்கு வருவார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அதன் வருமானம். சேகரிக்கிறவர்கள் மூடர்கள் அல்ல; மிகுந்த சாமர்த்தியசாலிகள். இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஏன் முதலீடு என்று சொல்கிறார்கள்?

வெட்கம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர், குடும்பஸ்தர். ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு துண்டு எஃகையும் ஒரு துண்டு மான்கொம்பையும் வாங்கிக்கொண்டு வருகிறார். “இந்த அலகின் வளைவு என்னை மயக்கிவிட்டது. படுக்கப் போகும்முன் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தால் மனசு நிறைந்திருக்கிறது” என்று அவர் மனைவியிடம் சொல்ல முடியுமா? சொன்னால் பைத்தியம் என்ற பட்டம் கிடைக்கும். “முதலீடு” என்று சொன்னால் விவேகி என்று பெயர் கிடைக்கும். காதலை மன்னிக்காத உலகம் லாபத்தை உடனே மன்னித்துவிடுகிறது. ஆகவே அவர் தம்முடைய காதலுக்கு லாபச் சட்டை தைத்துப் போடுகிறார். பல வருஷம் அந்தச் சட்டையைப் போட்டுப் போட்டு, அதுதான் தம் உடம்பு என்று அவரே நம்பிவிடுகிறார்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. நம் குடும்பங்களில் தங்க நகை வாங்குகிறபோது “ஆபத்துக்கு உதவும்” என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் வாங்குகிறவர்கள் உண்டா? ஆபத்துக்கு உதவுவது மட்டுமே நோக்கமானால் கட்டித் தங்கமாக வாங்கிப் பூட்டி வைக்கலாம். செய்கூலியும் சேதாரமும் மிச்சம். அந்தச் செய்கூலி எதற்காக? கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக. அந்த நிமிஷத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, வராத ஆபத்தைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்கிறோம்.

மேல்நாடுகளில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நண்பனுக்குக் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்பது நம்பிக்கை. அதற்காகக் கொடுக்கிறவர் கத்தியோடு ஒரு செப்புக் காசையும் சேர்த்துக் கொடுப்பார். வாங்குகிறவர் அந்தக் காசையே விலையாகத் திருப்பித் தருவார். இப்போது அது பரிசு அல்ல, விற்பனை. விதியின் கண்ணிலே மண்ணைத் தூவியாகிவிட்டது. அன்பை வியாபாரமாக வேஷம் போட்டு அனுப்புகிற மனித சுபாவத்துக்கு இதைவிடத் தெளிவான சித்திரம் வேண்டியதில்லை.

ஆக, நம் வாய்பாடு இங்கே தலைகீழாகிவிடுகிறது. மேலே இருப்பது சுயநலம். உரித்துப் பார்த்தால் அடியில் இருப்பது, பிரயோஜனம் கருதாத ஒரு பிரியம்.

இதைக் கேட்டு ஒரு சாமர்த்தியசாலி சிரிப்பார். “அடியைக் கண்டுவிட்டதாக நினைக்கிறீர்களா? இன்னும் ஓர் அடி தோண்டுங்கள். கத்தியைப் பார்த்தால் அவனுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காக வாங்குகிறான். ஆகவே அதுவும் சுயநலம்தான். தாய் பிள்ளையைக் கொஞ்சுவதும், தியாகி உயிரைக் கொடுப்பதும் ஏதோ ஒரு திருப்திக்காகத்தான். திருப்தி யாருடையது? தன்னுடையது.”

இந்தச் சாமர்த்தியம் இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கிலத் தத்துவ ஞானி தாமஸ் ஹாப்ஸ், மனிதன் தன்னைக் காத்துக்கொள்வதையே நாடுகிறவன் என்று வைத்து அரசியலுக்கே ஒரு கட்டடம் எழுப்பியவர். அவரைப் பற்றி அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் தள்ளாத கிழவர் ஒருவர் பிச்சை கேட்டார். ஹாப்ஸ் மனம் இளகி ஆறு பென்னி கொடுத்தார். பக்கத்திலே இருந்த பாதிரியார், கிறிஸ்துவின் கட்டளை இல்லாதிருந்தாலும் இதைக் கொடுத்திருப்பீரா என்று கேட்டார். கொடுத்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். கிழவரின் துயரத்தைக் காணத் தமக்கு வேதனையாக இருந்ததாகவும், அந்தக் காசு கிழவரின் துயரத்தைக் கொஞ்சம் குறைத்ததோடு தம் வேதனையையும் தணித்ததாகவும் விளக்கம் சொன்னார்.

கேட்பதற்கு அழகான பதில். ஆனால் அதற்குள்ளேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கிழவருடைய துயரம் ஹாப்ஸுக்கு ஏன் வேதனை தர வேண்டும்? அன்று அந்த வீதியில் எத்தனையோ பேர் அந்தக் கிழவரைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்களுக்கு வேதனை இல்லை; தணித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை; ஆறு பென்னியும் மிச்சம். பிறர் துயரம் தன் நெஞ்சில் வந்து உறுத்துகிறதே, அந்த உறுத்தலுக்குப் பெயர்தான் இரக்கம். உறுத்தல் நீங்கியதை லாபம் என்று கணக்கு எழுதலாம்; உறுத்தல் வந்ததை எந்த லாபத்தில் எழுதுவது?

ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1726-இல் வெளியிட்ட பிரசங்கங்களில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அவர் வாதத்தை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும். பசித்தவன் சோற்றை விரும்புகிறான். சாப்பிட்டதும் அவனுக்குச் சுகம் உண்டாகிறது. அந்தச் சுகத்தை விரும்பித்தான் அவன் சோற்றைத் தேடினான் என்று சொல்வது குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுவதாகும். முதலில் ஒரு பொருளின்மேல் நாட்டம்; பிறகுதான் அது கிடைத்த திருப்தி. நாட்டமே இல்லாத இடத்தில் திருப்திக்கு வழி ஏது? பிள்ளையின்மேல் பிரியம் இல்லாதவனுக்குப் பிள்ளை பிழைத்துக்கொண்டதில் என்ன ஆனந்தம்? என்னுடைய திருப்தி என்பதனால் என்னுடைய நோக்கமும் நானாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் நாட்டிலே இந்த வாதத்துக்குத் துணை தேடுகிறவர்கள் பிருகதாரண்யக உபநிஷதத்துக்குப் போவார்கள். கணவன், மனைவி, மக்கள், செல்வம் எதுவும் அதனதன் பொருட்டுப் பிரியமாவதில்லை, ஆத்மாவின் பொருட்டே பிரியமாகின்றன என்று யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசம் செய்கிறார். “ரிஷியே ஒப்புக்கொண்டாரே!” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தச் சம்பாஷணை எங்கே தொடங்கியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படுகிற கணவர் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வருகிறார். உலகத்துச் செல்வம் முழுவதும் கிடைத்தாலும் அதனால் மரணமில்லாத நிலை வருமா என்று மைத்ரேயி கேட்கிறாள். வராது என்றதும் அந்தச் சொத்தில் ஆசை வைக்க மறுக்கிறாள். முதலீட்டை வேண்டாம் என்று தள்ளியவளுக்குச் சொன்ன உபதேசம் அது. அங்கே ஆத்மா என்பது பாங்கில் கணக்கு வைத்திருக்கிற “நான்” அல்ல. எல்லா உயிருக்கும் பொதுவான ஒன்று. அந்தப் பொதுவை இந்தத் தனிக்கு எழுதிவைத்துக்கொள்வது நியாயமாகாது.

இதற்கெல்லாம் மேலாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. கொடுத்தவனும் சுயநலக்காரன், கொடுக்காதவனும் சுயநலக்காரன். காப்பாற்றியவனும் அப்படியே, கைவிட்டவனும் அப்படியே என்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? எந்தப் பண்டத்தை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிற தராசை எந்தக் கடைக்காரராவது வைத்திருப்பாரா? எதையும் எதிலிருந்தும் பிரிக்காத அந்தக் கொள்கைதான் உண்மையான வெட்டாத கத்தி. பளபளப்பாக இருக்கிறது, நண்பர்கள் மத்தியில் எடுத்துக் காட்டலாம், காரியத்துக்கு ஆகாது.

ஸ்கேகல் என்று மேலே சொன்னேனே, அந்த மனிதரையே எடுத்துக்கொள்ளலாம். அதிகம் பேசாதவர், தனிமையில் காலம் கழித்தவர், முசுடு என்று பெயர் வாங்கியவர். அவருடைய ஊர்ப் பக்கத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, கால் விளங்காமல் போன குழந்தைகளுக்கு இரும்புத் தாங்கிகள் செய்து கொடுத்தார், அதற்குக் கூலி வாங்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தாங்கியை மாட்டிக்கொண்டு ஒரு குழந்தை நாலு அடி எடுத்து வைத்தபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா? நிச்சயம் இருந்திருக்கும். அந்தச் சந்தோஷம் இருந்ததனால் அவர் செய்தது சுயநலமா? சந்தோஷப்படாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்திருந்தால்தான் அதற்குப் பரோபகாரம் என்று பெயர் கொடுப்போமா? பிறருடைய நன்மையில் சந்தோஷப்படத் தெரிந்த மனிதனைத்தான் நல்லவன் என்று உலகம் ஆதியிலிருந்து சொல்லி வருகிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் வாசகர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. லாபம் வெறும் வேஷம், உள்ளே இருப்பதெல்லாம் அன்பு என்று சுபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மனித மனம் அவ்வளவு சுலபமாகச் சுபம் போடக்கூடிய கதை அல்ல. பொருளின்மேல் வைக்கிற காதல் லாப ஆசையைவிட ஈரமற்றதாகவும் இருக்க முடியும். வெறும் லாபத்துக்கு வாங்குகிறவர் விலை சரியில்லை என்றால் விட்டுவிடுவார். காதல் கொண்டவர் விடமாட்டார்.

கத்திப் பிடிகளில் மிக உயர்ந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது யானைத் தந்தம். உள்ளங்கையில் வழவழவென்று பொருந்தும். வருஷம் ஆக ஆக வெண்ணெய் நிறம் ஏறும். அதன் அழகை மறுக்க முடியாது. ஆனால் தந்தத்தின் அடிப்பாகம் யானையின் மண்டை ஓட்டுக்குள் புதைந்திருக்கிறது. முழுத் தந்தத்தையும் எடுக்க விரும்புகிற திருடன் யானையைக் கொன்றுவிடுகிறான். ஆப்பிரிக்காவில் 1979-இல் ஏறத்தாழ 13 லட்சம் யானைகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பத்தே வருஷத்தில், 1989-இல், அந்த மதிப்பு ஏறத்தாழ 6 லட்சமாக இறங்கிவிட்டது. அந்த 1989 ஜூலையில் கென்யா ஜனாதிபதி டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தம் கையாலேயே தீ மூட்டினார். அதே வருஷம் உலக நாடுகள் கூடித் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை விதித்தன. 2016 ஜூலையிலிருந்து அமெரிக்கா தன் மாகாணங்களுக்கு இடையே நடக்கும் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தையும், சில விலக்குகள் நீங்கலாக, ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டது.

கத்தி சேகரிப்பவர்கள், துப்பாக்கி சேகரிப்பவர்கள், பழம்பொருள் வியாபாரிகள் எல்லோரும் அந்தத் தடையை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். “என் கத்தியின் பிடியில் இருக்கிற யானை எப்போதோ இறந்துவிட்டது. என் கத்தியை விற்கக் கூடாது என்பதனால் அது உயிரோடு எழுந்து வரப்போகிறதா? சட்டப்படி வாங்கிய பொருளின் மதிப்பை ஒரு கையெழுத்தில் அழிக்கலாமா?” என்பது அவர்களுடைய வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இறந்த யானை திரும்பி வராது என்பது உண்மை. வாங்கியவர் குற்றவாளி அல்ல என்பதும் உண்மை. ஓய்வுக் காலத்துக்கு இதை நம்பியிருந்த சிலர் நஷ்டப்பட்டார்கள் என்றால் அவர்களுக்காக வருத்தப்படலாம்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு யானைதான் இருக்கிறது. அதுவும் இறந்துபோன யானை. உயிரோடு நடமாடுகிற யானை அதில் இல்லை. பழைய தந்தத்துக்கு ஒரு விலை இருக்கிற வரையில், புதிய தந்தத்தைப் பழையது என்று சொல்லி விற்க ஒருவன் இருப்பான். அவனுக்குக் கொண்டுவந்து கொடுக்கக் காட்டில் ஒருவன் துப்பாக்கியோடு காத்திருப்பான். சேகரிப்பவர் அவனை ஏவவில்லை, அவனைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் அந்தப் பெட்டிக்கும் அந்தக் காட்டுக்கும் இடையே ஒரு கயிறு ஓடுகிறது. அந்தக் கயிற்றைக் காண மறுப்பது எது? லாப ஆசையா, அழகின்மேல் வைத்த காதலா? இரண்டில் எதுவானாலும் யானைக்கு ஒன்றுதான்.

சுயநலம் என்ற சொல்லுக்கு இங்கேதான் அர்த்தம் பிறக்கிறது. ஒரு செயலுக்குள்ளே “நான்” இருக்கிறேனா என்று தேடுவதில் பயன் இல்லை. நான் செய்கிற காரியத்தில் நான் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? கணக்கை எழுதுகிறபோது வேறு யார் யாருக்கு அதில் ஒரு வரி ஒதுக்கினேன் என்பதுதான் கேள்வி. ராண்டால் கத்தி விற்றுப் பணம் சம்பாதித்தார். ஆனால் சிப்பாயின் கை அந்தக் கணக்கில் இருந்தது. ஹாப்ஸ் தம் வேதனையைத் தணித்துக்கொண்டார். ஆனால் கிழவர் அந்தக் கணக்கில் இருந்தார். வெறும் லாபத்துக்கே கத்தி வாங்கி விற்கிறவர்கூட, செய்த தொழிலாளிக்கு நல்ல விலை கொடுக்கிறார் என்றால் ஒரு குடும்பத்துக்கு அதில் இடம் வைத்திருக்கிறார். சுயநலம் என்பது தனக்கு ஓர் இடம் வைத்துக்கொள்வது அல்ல. மற்ற எல்லோரையும் அழித்துவிட்டு மிச்சம் இருக்கிற வெற்றிடத்துக்கு அன்பு என்றோ முதலீடு என்றோ பெயர் வைப்பது.

நம்மை நாமே சோதித்துப் பார்க்கவும் இது பயன்படும். “என் நோக்கம் பரிசுத்தமானதா?” என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம், பதில் கிடைக்காது. அந்தக் கேள்வியே மிகவும் தன்னைப் பற்றிய கேள்வி. “இதனால் யாருக்கு என்ன ஆகும்?” என்று கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஸ்கேகல் 1963-இல் காலமானார். அவர் செய்த கத்திகள் இன்று சேகரிப்பவர்கள் போட்டியிட்டு வாங்குகிற பொக்கிஷங்கள். அவற்றின் பிடி, முத்திரை, உறை ஒவ்வொன்றையும் பற்றி நிபுணர்கள் விவாதிக்கிறார்கள். அவர் செய்த கால் தாங்கிகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? வளர்கிற குழந்தைக்கு ஒரு தாங்கி நெடுநாள் பொருந்தாது. கால் நீண்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டிருப்பார்கள். தேய்ந்து, வளைந்து, துருப்பிடித்துப் பழைய இரும்போடு போயிருக்கும்.